வலப்பக்கம் திரும்பாத வழிகள்

பிப்ரவரி 6, செவ்வாய்

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், கோகுல். மணி பன்னிரண்டே முக்கால். மகிழினி இப்போதுதான் கண்ணை மூடினாள். அடுத்த பாலுக்கு அவள் எழுவதற்குள் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. தூங்கலாம். ஆனால் தூங்கினால் அவள் மூச்சை யார் பார்ப்பது?

இங்கே இங்கிலாந்தில் கைக்குழந்தை இருக்கிற வீடுகளுக்கு நர்ஸ் ஒருத்தர் வந்துபோவார். இன்று வந்தவர் குழந்தையை எடை போட்டுவிட்டு, அதைவிட அதிக நேரம் என்னைப் பார்த்தார். "தினமும் வெளியே போறீங்களா?" என்றார். போகிறேன் என்றேன். பொய் இல்லை. தள்ளுவண்டியோடு வாசலில் இறங்கி இடது பக்கம், தபால்பெட்டி முனையில் இடது, சலூன் முனையில் இடது, மறுபடி இடது, வீடு. இருபத்திரண்டு நிமிஷம். ஒரு சாலையைக்கூடக் கடக்க வேண்டியதில்லை.

"ராத்திரி தூக்கம் வரலைன்னா ஏதாவது எழுதுங்க. யாருக்காவது எழுதுற மாதிரி" என்றார். யாருக்கு என்று யோசித்தேன். உன் பெயர்தான் வந்தது. அக்காவும் தம்பியும் பேசி ஐந்து வருஷம் ஆகிறது. அதனால் உனக்கு எழுதுவதில் ஒரு வசதி. அனுப்ப வேண்டியதில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

உன் மாமாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் வேலை. அது தெரியும் உனக்கு. தெரியாதது, அவர் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சந்தை முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். விரல் தடிமன் டயர், உடம்போடு ஒட்டிய கால்சட்டை. அறுபது எழுபது கிலோமீட்டர் கிராமங்களுக்குள் சுற்றிவிட்டு, நடுவில் எங்காவது கேக் தின்றுவிட்டு வருவார்கள். அந்தக் கால்சட்டையோடு அவரை வீடியோவில் அம்மாவுக்குக் காட்டினேன். "ஏனுங் மாப்ளே, அதுக்கு மேல ஒரு வேட்டியக் கட்டிட்டுப் போனா ஆகாதுங்களா?" என்றாள்.

இன்று வழி தவறிவிட்டார்கள். வழக்கமாக வழி போட்டுக்கொடுக்கிற ஆள் ஊர் மாறிப் போய்விட்டாராம். போன் சொன்னதைக் கேட்டு யாரோ ஒருவருடைய மாட்டுத் தொழுவத்துக்குள் போய் நின்றிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு வர வேண்டியவர் மூன்றுக்கு வந்தார். முழங்கால்வரை சேறு. நான் முப்பத்தொரு தடவை போன் செய்திருந்தேன்.

"மலைக்குப் பின்னாடி சிக்னல் இல்லை மேகலா."

"அடுத்த வாரம் வழி நான் போட்டுத் தர்றேன்."

"நீயா? நீ சலூன் முனையைத் தாண்டினதில்லையே."

"நான் பி.எஸ்ஸி ஜியாகிரபி."

"அது சரி" என்று குளிக்கப் போனார்.

பிப்ரவரி 14, புதன்

இந்த வீட்டில் முன்னால் இருந்தவர்கள் சமையலறைச் சுவரில் ஒரு வரைபடத்தை ஒட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஷ்ராப்ஷயர் மலைப்பகுதி, இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர். ஐந்து மாதமாக அதன் கீழேதான் ரசம் வைக்கிறேன். இன்றுதான் படித்தேன்.

என்ன ஊர் கோகுல் இது. ஒரு காகிதத்தில் எவ்வளவு சொல்லிவிடுகிறார்கள். ஒற்றைக் கார் போகிற சந்து மஞ்சள், அதைவிடப் பெரியது ஆரஞ்சு, லாரி போவது சிவப்பு. ஏற்றம் கடுமையாக இருந்தால் சாலை மேலேயே ஓர் அம்புக்குறி, மூச்சு வாங்குகிற ஏற்றம் என்றால் இரண்டு. சர்ச்சுக்குச் சதுரக் கோபுரமா கூர்கோபுரமா என்பதுகூட அடையாளத்தில் தெரிகிறது. முன்பின் பார்க்காத ஊருக்குப் போகிறவன் தூரத்தில் கோபுரத்தைப் பார்த்து 'சரியாகத்தான் வருகிறேன்' என்று நினைத்துக்கொள்ள வேண்டுமே என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

குழந்தையை இடது தோளில் போட்டுக்கொண்டு, காலேஜ் பிராக்டிகலில் செய்தமாதிரி தைக்கிற நூலை வளைவு வளைவாக வைத்து அளந்தேன். அறுபத்திரண்டு கிலோமீட்டர். இரண்டு அம்புக்குறி ஏற்றம் ஒன்றே ஒன்று. மஞ்சள் சாலைதான் பெரும்பாலும். சாம்பார் அடிப்பிடித்துவிட்டது.

பிப்ரவரி 18, ஞாயிறு

பதினோரு பேர் போனார்கள். பதினோரு பேர் வந்தார்கள்.

மார்ச் 3, ஞாயிறு

மூன்றாவது வழியும் நன்றாக இருந்ததாம். ஒரு பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளைப் பனித்துளிப் பூக்களாம், வேலியோரம் ஆட்டுக்குட்டிகளாம். வரைபடத்தில் நான் விரல் வைத்த இடங்களில் இவர் போய் நின்று படம் எடுத்து அனுப்புகிறார். 'இதோ நீ சொன்ன சதுரக் கோபுரம்.' இருந்தது, அப்படியே.

இவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு. வரிசையாகப் போகும்போது முன்னால் போகிறவனுக்குக் குழி தெரிந்தால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலால் காட்டுவானாம். அடுத்தவன் அதைப் பார்த்துத் தனக்குப் பின்னால் வருகிறவனுக்குக் காட்டுவான். கடைசி ஆள்வரை அந்த விரல் போகும். எதிரே வண்டி வந்தால் முதல் ஆள் 'கார் அப்' என்று குரல் கொடுப்பான், பின்னால் வந்தால் கடைசி ஆள் 'கார் பேக்'. அந்தக் குரலும் அப்படியே ஆள் ஆளாகத் தாண்டிப் போகும். ஒருவரோடு ஒருவர் அன்று பேசாவிட்டாலும், சண்டையே போட்டிருந்தாலும், குழியைச் சொல்லாமல் போகக்கூடாது என்பது வழக்கமாம்.

சந்துகளில் எதிரே வருகிற கார்காரர் ஓரங்கட்டி நின்று வழிவிட்டு, ஸ்டீயரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவாராம். இவர்களும் ஒரு விரல் தூக்குவார்களாம். இவர் சாப்பாட்டு மேஜையில் செய்து காட்டினார். மகிழினி சிரித்தாள்.

மார்ச் 17, ஞாயிறு

சவாரி முடிந்து இருவர் டீக்கு வீட்டுக்கு வந்தார்கள். டெரெக் பிளம்பர், ஐம்பத்தைந்து வயது, தொப்பை. ஜோ என்னைவிட நாலைந்து வயது பெரியவள், கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை, வீட்டில் மூன்று வயதில் இரட்டைப் பையன்கள். நான் பருப்பு வடை சுட்டிருந்தேன். டெரெக் ஆறு தின்றார்.

ஆறாவதைத் தின்றுகொண்டே, இங்கே எல்லோரையும் கூப்பிடுகிற 'லவ்' போட்டு, "ஒண்ணு கேக்கணும் லவ். உன் வழி ஐந்திலும் ஒரு ரைட் டர்ன்கூட இல்லை. நான் எண்ணிப் பார்த்தேன். இப்படியே போனா எங்க டயரெல்லாம் இடது பக்கம் மட்டும் தேயும்" என்றார்.

இவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு வரைபடத்தைப் பார்த்தார்.

"வழி அப்படி அமைஞ்சிடுச்சு" என்றேன்.

"அஞ்சு தடவையுமா?"

"டெரெக், வடையைத் தின்னு" என்றாள் ஜோ.

போகும்போது ஜோ என்னிடம் தனியாகச் சொன்னாள். மே மாதம் முதல் ஞாயிறு புதியவர்களுக்கான சவாரி, நாற்பது கிலோமீட்டர்தான். விஸ்டன்ஹோப் என்கிற கிராமத்தில் அன்று ஊர் மண்டபத்தில் கேக் விற்பார்கள், அங்கே போக வழி போட வேண்டும். "அப்புறம், நீயும் வரணும். என் பழைய சைக்கிள் சும்மாதான் கிடக்கு."

குழந்தை இருக்கிறாள் என்றேன். "அவளுக்கு அப்பாவும் இருக்கான்" என்றாள்.

நான் எண்ணியதே இல்லை, கோகுல். ஐந்து வழி போட்டிருக்கிறேன். டெரெக் சொல்லும்வரை எனக்கே தெரியாது.

மார்ச் 18, திங்கள்

எழுதிவிடுகிறேன். அனுப்பப் போவதில்லையே.

நீ அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாய். தாராபுரம் ரோட்டிலிருந்து நம் ஊருக்கு வலது பக்கம் திரும்பினாய். எதிரே வந்த பஸ் அடித்தது. உனக்குக் கை முறிந்தது. அப்பா அங்கேயே போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் கட்டோடு நீ என்னிடம் சொன்னாய்: "பார்த்தேன்க்கா. ஒண்ணும் வரலை." நான் சொன்னேன்: "பார்த்திருந்தா எப்படிடா பஸ்ஸு தெரியாமப் போகும்?"

அம்மா அழுதுகொண்டிருந்தாள். சுற்றி இருபது பேர். எல்லோரும் கேட்டார்கள். அதற்குப் பிறகு நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. பார்த்தால் தெரியும். தெரியவில்லை என்றால் பார்க்கவில்லை. இப்போதும் அப்படித்தான் படுகிறது.

மகிழினிக்கு லேசாகச் சளி.

ஏப்ரல் 2, செவ்வாய்

ஜோவின் சைக்கிள் வந்துவிட்டது. பச்சை நிறம், கைப்பிடி ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கிறது. பிளஸ் ஒன்னில் அரசாங்கம் கொடுத்த நீலச் சைக்கிளுக்குப் பிறகு இப்போதுதான் தொடுகிறேன். தள்ளுவண்டி போகிற அதே வட்டத்தைச் சுற்றினேன். இடது, இடது, இடது, இடது. ஆறு நிமிஷம். ஜன்னலில் இவர் குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டிக் காட்டினார்.

அம்மாவுக்குச் சொன்னால், "பச்சப்புள்ளய உட்டுப்போட்டுச் சைக்கிள்ல ஊரச் சுத்தப் போறயாக்கும்" என்றாள். பிறகு அவளாகவே, "உன்ற தம்பி வண்டியத் தொடறதே இல்ல கண்ணு. ஓசூர்ல கம்பெனி பஸ்ஸுலதான் வேலைக்குப் போறான். பஸ்ஸு வராட்டி நடந்தே போறானாம்" என்றாள்.

நான் மகிழினியின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன்.

"உன்னையக் கேட்டான். புள்ளைக்குப் பல்லு மொளைச்சிருச்சான்னு."

"முளைச்சிருச்சு. கீழ ரெண்டு."

"அத அவங்கிட்டச் சொன்னா ஆகாதா?"

பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

இரண்டு வாரமாக விஸ்டன்ஹோப்புக்கு வழி தேடுகிறேன். அந்த ஊர் ஒரு முட்டுச்சந்தின் கடைசியில் இருக்கிறது. மறுபக்கத்துப் பாலம் மழையில் உடைந்து பாதை அடைத்துவிட்டார்களாம். ஆரஞ்சு சாலையிலிருந்து வலது பக்கம் திரும்பித்தான் போயாக வேண்டும். நூலை எப்படி வளைத்தாலும் அதுதான்.

சரி என்று, திரும்புவதற்கு இருப்பதில் நல்ல இடமாகப் பார்த்தேன். அளவுகோல் வைத்து இழுத்தமாதிரி நேரான சாலை. இரண்டு பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு வளைவே இல்லை. உயரம் காட்டுகிற பழுப்புக் கோடு ஒன்றுகூடக் குறுக்கே போகவில்லை. அதாவது சமதளம். ஓர் ஓடை மட்டும், நீல மயிரிழை மாதிரி, சாலையைக் கடந்து போகிறது. அங்கே நின்றால் வருகிற எறும்பும் தெரியும். இங்கிலாந்திலேயே பத்திரமான திருப்பம் அது என்று இவரிடம் சொன்னேன்.

"அப்ப நீ போற?"

"வழிதானே போட்டேன்."

"மேகலா."

"போறேன்."

மே 4, சனி

பால் எடுத்து மூன்று பாட்டிலில் வைத்துவிட்டேன். எழுதி ஒட்டிய காகிதத்தில் இருபத்தாறு குறிப்புகள். இவர் படித்துவிட்டு, "இருபத்தேழாவது, மூச்சு விடணும்னு அவளுக்கு ஞாபகப்படுத்தணுமா?" என்றார். கோபம் வந்தது. அது இருபத்து நான்காவதில் ஏறக்குறைய இருக்கிறது.

மே 5, ஞாயிறு

ஒன்பது பேர் கிளம்பினோம். டெரெக் முதலில், நான் எட்டாவது, எனக்குப் பின்னால் ஜோ.

ஊர் தாண்டியதும் முதல் சந்து வந்தது. இரண்டு பக்கமும் தலைக்கு மேல் வேலி, ஓரம் முழுக்க வெள்ளைப் பூ. அது அவ்வளவு உயரமாக நுரைத்து நிற்கும் என்று எந்த வரைபடத்திலும் இல்லை. பூண்டு வாசம் வந்தது. காட்டுப் பூண்டாம், சாலையோரம் தானாக முளைக்குமாம். இத்தனை வாரம் விரலால் போன வழியில் இன்று என் உடம்பு போகிறது. ஒற்றை அம்புக்குறி ஏற்றத்தில் தொடை எரிந்தது. அம்பு போட்டவர் பொய் சொல்லவில்லை. உச்சியில் வேலி விலகி, ஒரே மூச்சில் பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. பசுமையில் இத்தனை வகை இருக்கிறதென்று நான் நினைத்ததில்லை. தூரத்தில் ஒரு கூர்கோபுரம். அதன் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. முன்னால் போன பெண் கையைப் பின்னால் நீட்டிக் குழியைக் காட்டினாள். நானும் நீட்டி ஜோவுக்குக் காட்டினேன். "தேங்க்ஸ் லவ்" என்று பின்னாலிருந்து குரல். அந்த நிமிஷம் சந்தோஷமாக இருந்தேன். எழுதிவைக்கிறேன், மறக்கக்கூடாது.

பிறகு ஆரஞ்சு சாலை. என் திருப்பம்.

மற்ற ஏழு பேரும் திரும்பிப் போய்விட்டார்கள். நான் பின்னால் பார்த்தேன். ஜோ மட்டும். வலது கையை நீட்டி, நடுக்கோட்டுக்கு வந்து, கால் ஊன்றி நின்றேன். எதிரே பார்த்தேன். சாம்பல் நிறச் சாலை, நேராக, காலியாக, அடிவானம்வரை. மறுபடி பின்னால். மறுபடி எதிரே. ஒன்றும் இல்லை. இன்னொரு தடவையும் பார்த்தேன், கோகுல். எதிரே மட்டும் மூன்று தடவை. மிதித்தேன்.

தாருக்குள்ளிருந்து ஒரு நீலக் கூரை எழுந்தது.

அப்படித்தான் இருந்தது. தூரத்திலிருந்து வரவில்லை. இல்லாமல் இருந்து, இருந்தது. "கார் அப்" என்று ஜோ கத்தினாள். என் கால் நின்றுவிட்டது. சைக்கிள் சாலைக்குக் குறுக்கே. டயர் தேய்கிற சத்தம். கார் என்னிடமிருந்து ஒரு கட்டில் தூரத்தில் நின்றது.

ஓட்டியவர் வயதானவர். கண்ணாடியை இறக்கினார். "மன்னிச்சுக்கோ லவ். நீ தெரியவே இல்லை."

"நீங்களும் தெரியலை" என்றேன்.

"அந்தப் பள்ளம். எத்தனை வருஷமா இந்த ரோட்டுல வரேன், இன்னும் ஏமாத்துது."

அவர் போனதும் சைக்கிளை ஜோவிடம் கொடுத்துவிட்டு கார் வந்த பக்கம் நடந்தேன். "எங்கே போற?" என்றாள். பார்க்க வேண்டும் என்றேன். நூறடி, நூற்றைம்பதடி. சாலை கீழே இறங்கியது. ஓர் ஆளும் பாதி ஆளும் உயரம் இருக்கும், அவ்வளவுதான். அடியில் அந்த ஓடை. ஏறி மறுபடி சமதளம். திருப்பத்தில் நின்று பார்க்கிறவனுக்கு அந்தக் கரையும் இந்தக் கரையும் ஒட்டி ஒரே சாலையாகத் தெரியும்.

பழுப்புக் கோடு பத்து மீட்டருக்கு ஒன்றுதான் போடுவார்கள். அதற்குக் குறைந்த பள்ளம் வரைபடத்தில் இருக்காது. காலேஜில் முதல் வருஷமே சொல்லித்தந்தது. நீலக் கோட்டையும் பார்த்தேன், தண்ணீர் ஓடுகிற இடம் தாழ்வாகத்தான் இருக்கும் என்பதும் தெரியும். தெரிந்தும் சமதளம் என்று எழுதினேன். ஒரு மனிதனை மறைக்கப் பத்து மீட்டர் வேண்டியதில்லை. ஒரு பஸ்ஸை மறைக்கவும் வேண்டியதில்லை.

அந்த ஓரத்துப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். ஜோ இரண்டு சைக்கிளையும் வேலியில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ நல்லாத்தான் பார்த்தே. நான் பின்னாடிதானே இருந்தேன். நானும் பார்த்தேன்" என்றாள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் உனக்குப் பின்னால் இதைச் சொல்ல ஒருத்தியும் இல்லை. வராந்தாவில் இருந்தவள் வேறு சொன்னாள்.

பிறகு விஸ்டன்ஹோப் போனோம். டெரெக் எனக்காக ஒரு துண்டு எலுமிச்சைக் கேக்கை எடுத்து வைத்திருந்தார். வழித்தாளில் அந்தத் திருப்பத்துக்குப் பக்கத்தில் 'மறைவான பள்ளம், இறங்கி உருட்டிக்கொண்டு கடக்கவும்' என்று என் கையால் எழுதினேன். இனி வருகிறவர்களுக்கு என் விரல். சாயங்காலம் மகிழினியைத் தள்ளிக்கொண்டு வாசலில் இறங்கி வலது பக்கம் போனேன். இரண்டு சாலை தாண்டினால் ஒரு வாத்துக்குளம் இருக்கிறது. இவ்வளவு கிட்டத்தில்.

மே 6, திங்கள்

இன்று விடுமுறை, தபால் அலுவலகம் இல்லை. நாளை காலை இந்த நோட்டை அப்படியே ஓசூருக்கு அனுப்புகிறேன். அம்மாவிடம் முகவரி வாங்கிவிட்டேன். "எதுக்கு?" என்றாள். பல் முளைத்ததைச் சொல்ல என்றேன்.

ராத்திரி முழுக்க ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் தாராபுரம் பஸ்ஸில் வரும்போது, நம் ஊர் நிறுத்தம் கிட்ட வந்துவிட்டது என்று நமக்கு எப்படித் தெரியும்? தரைப்பாலம். பஸ் சட்டென்று கீழே இறங்கி ஏறும். வயிற்றுக்குள் கூசும். நீ 'ஊய்' என்று கத்துவாய், நானும் கத்துவேன், அப்பா "கம்முனு வாங்க" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். பஸ் முழுக்க அந்த இறக்கத்தில் உள்ளே போய்த்தானே வெளியே வந்தது? அது நம் திருப்பத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? எத்தனை தடவை போயிருக்கிறேன், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும். நீ ஐந்து வருஷமாக அங்கேயே நின்றுகொண்டிருக்கிறாய்.

எந்தப் பக்கம் இருந்தாலும் சரி. நீ பார்த்தாய். உன் பின்னால் அப்பாவை வைத்துக்கொண்டு நீ பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டாய். நான் அந்த வராந்தாவில் சொன்னது தப்பு. அந்த இருபது பேரிடமும் இதைச் சொல்ல முடியாது, ஆனால் அம்மாவிடம் இன்று சொல்லிவிட்டேன்.

மகிழினிக்குக் கீழே இரண்டு பல். மேலே ஒன்று எட்டிப் பார்க்கிறது.

படித்ததும் பதில் போடு, கோகுல். தாமதிக்காதே.

அக்கா